உயர் இரத்த அழுத்த மருந்துகள்: வரலாறும் வகைகளும் தொடர்ச்சியின் தேவையும்

ஆய்வின் வினா

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலானோரிடம் எந்த வலியும் தளர்ச்சியும் தோற்றுவிக்காமல் பல ஆண்டுகள் நீடித்து, மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ பெருங்கேடு நேர்ந்த பின்னரே தன்னை வெளிப்படுத்துகிறது. ஆதலால் அதற்கு மருந்து உட்கொள்பவர், உணராத ஒரு நோய்க்காக, உணரக்கூடிய பலன் எதுவும் அன்றாடம் கிட்டாத நிலையில், வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியவராகிறார். காய்ச்சலுக்கோ வலிக்கோ தரும் மருந்தின் பயனை நோயாளியே சில நாள்களில் அறிந்துகொள்கிறார். இரத்த அழுத்த மருந்தின் பயனோ நேராமல் போன பக்கவாதமாகவும் நேராமல் போன மாரடைப்பாகவும் மட்டுமே இருப்பதால், அவர் அதைக் காண வழியில்லை. எனவே இவ்வகை மருந்தின் தகுதியை அளக்கையில், அது அழுத்தத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதோடு, நோயை உணராத ஒருவர் அதைத் தாங்கிக்கொண்டு, வாங்க முடிந்த விலையில், வீட்டருகே பெற்று, இடைவிடாது உட்கொள்ள முடியுமா என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டியுள்ளது. இம்மருந்துகளின் வரலாற்றையும் வகைகளையும் அவ்வளவுகோலைக் கொண்டு மதிப்பிட்டு, பாரிவாக்கத்தை உள்ளிட்ட சென்னையின் மேற்குப் புறநகரில் அவை மக்களைச் சென்றடையும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரின் மீது ஏற்படுவது சுருக்க அழுத்தம் என்றும், இதயம் தளர்ந்து விரியும்போது எஞ்சி நிற்பது விரிவு அழுத்தம் என்றும் அழைக்கப்படுகின்றன. முதலாவது 140 மில்லிமீட்டர் பாதரச அளவையோ இரண்டாவது 90 மில்லிமீட்டரையோ வெவ்வேறு நாள்களில் எடுத்த அளவீடுகளில் எட்டினால் அது உயர் இரத்த அழுத்தம் என இந்திய அரசு மருத்துவமனைகளில் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் 18 முதல் 69 வயது வரையிலானோரிடம் நடத்தப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு, அவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்ததையும், நோயுற்றோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்ததையும் காட்டியது. விலை மலிந்த, நன்கு சோதிக்கப்பட்ட மருந்துகள் அப்போது அரசு மருந்தகங்களிலேயே இருந்தன என்பதை நோக்கினால், இடைவெளி மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே விழுந்திருப்பது தெளிவாகும்.

சர்ப்பகந்தியிலிருந்து தயசைடு வரை

1940களின் நடுப்பகுதி வரை உயர் இரத்த அழுத்தத்துக்குப் பயன்தரத்தக்க மாத்திரை எதுவும் மேலை மருத்துவரிடம் இருக்கவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளை இரத்தக் கசிவால் இறந்தபோது, உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி பெற்றிருந்த அவருக்கும் ஓய்வும் உணவுக் கட்டுப்பாடும் தவிரப் பெரிதாக எதையும் பரிந்துரைக்க இயலாத நிலையே நிலவியது. உப்பு முற்றிலும் நீக்கப்பட்ட கடும் உணவு முறையும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளை அறுவை செய்து துண்டிக்கும் முறையும் அக்காலத்தில் வழக்கிலிருந்தன. பின்னர் வந்த ஹெக்சாமெத்தோனியம் போன்ற நரம்புமுடிச்சுத் தடுப்பு மருந்துகள் அழுத்தத்தைக் குறைத்தனவாயினும், எழுந்து நிற்கையில் மயக்கமும் கடும் மலச்சிக்கலும் விளைவித்ததால், உயிர் ஆபத்தில் இருப்பவரன்றி வேறெவரும் ஏற்கக்கூடியனவாக அவை இருக்கவில்லை.

இச்சூழலில் முதல் பெரும் மாற்றம் இந்தியாவிலிருந்து வந்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவங்களில் நெடுங்காலமாக வழங்கிய சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931ஆம் ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் உசேன் சித்திக்கியும் பல காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதி வெளியிட்டனர். பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1949ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவ்வேரின் முதன்மை வினைப்பொருளான ரெசர்பினைத் தனித்தெடுத்தனர். நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களை இம்மருந்து வெறுமையாக்குவதால், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் கட்டளை வலுவிழக்கிறது. அதே செயல் மூளையிலும் நிகழ்வதால், பெரிய அளவுகளில் மனச்சோர்வு தோன்றுவதும் மூக்கடைப்பு உண்டாவதும் அதன் குறைகளாக அறியப்பட்டன.

1950களின் பிற்பகுதியில் மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய குளோரோதயசைடு, நீண்டகாலம் தாங்கத்தக்க முதல் மாத்திரை எனலாம். சிறுநீரகம் உப்பை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் வழியொன்றைத் தடுத்து, உப்பையும் நீரையும் சிறுநீரோடு வெளியேற்றும் தயசைடு வகை மருந்துகளுக்கு இதுவே முன்னோடி.

மருந்துகள் இருந்தும், அவற்றால் உயிர் காக்கப்படுகிறதா, எண்கள் மட்டுமே குறைகின்றனவா என்ற ஐயம் 1960கள் வரை நீடித்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1967ஆம் ஆண்டில் அதற்கு விடையளித்தது. விரிவு அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடும் ரெசர்பினும் இரத்தக் குழாயை நேரடியாகத் தளர்த்தும் ஹைட்ராலசினும், மற்றக் குழுவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரைகளும் வழங்கப்பட்டன. போலி மாத்திரை உட்கொண்டோரில் 27 பேருக்குக் கடும் சிக்கல்கள் நேர்ந்தபோது, மருந்து உட்கொண்டோரில் இருவருக்கு மட்டுமே நேர்ந்தன. அழுத்தம் அவ்வளவு உயராதோருக்கும் பயனுண்டு என்பதை 1970ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பகுதி நிறுவியது.

இன்று வழக்கிலுள்ள வகைகள்

இன்று முதல்நிலைச் சிகிச்சைக்குரியனவாக நான்கு வகைகள் கருதப்படுகின்றன. முதலாவதான தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகியவை அடங்கும். தொடக்கத்தில் உடலின் நீரைக் குறைத்தும், நாளடைவில் இரத்தக் குழாய்களின் எதிர்ப்பைத் தளர்த்தியும் இவை பணிபுரிகின்றன. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைதல், யூரிக் அமிலம் கூடுதல், சர்க்கரை சற்று உயர்தல் ஆகியவை இவற்றின் குறைகளாதலால், முதியோரிடம் குறிப்பாக இரத்தப் பரிசோதனை தேவைப்படுகிறது.

இரண்டாவதான கால்சியம் வழித்தடத் தடுப்பான்களில், ஊர்தோறும் ‘பிரஷர் மாத்திரை’ என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வரும் ஆம்லோடிபின் முதன்மையானது. இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைநார் சுருங்குவதற்குக் கால்சியம் அதனுள் நுழைய வேண்டும். அந்த நுழைவாயிலை இது அடைப்பதால் குழாய் விரிகிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆவதால், நாளுக்கு ஒரு வேளை போதுமானதாகிறது. ஒரு நாள் தவறினாலும் அழுத்தம் உடனே எகிறுவதில்லை. மறதியும் வேலை நெருக்கடியும் உள்ள வாழ்வுக்கு இப்பண்பு பெரும் பொருத்தமுடையது. கணுக்கால் வீக்கம் இதன் முதன்மைக் குறை. நுண்தமனிகள் விரிவதால் திசுக்களுக்குள் நீர் கசிவதே அதற்குக் காரணமாதலால், சிறுநீர்ப்பெருக்கியைச் சேர்ப்பதால் அது பெரிதும் நீங்குவதில்லை. அளவைக் குறைப்பதாலோ அடுத்துக் கூறப்படும் வகைகளில் ஒன்றைச் சேர்ப்பதாலோ குறைகிறது.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே வேதித்தொடரின் இரு கண்ணிகளைத் தாக்குவன. சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்னும் நொதியம் ஆஞ்சியோடென்சின்-1 என்ற பொருளைத் தோற்றுவிக்க, ‘ஏசிஇ’ எனப்படும் மற்றொரு நொதியம் அதை ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றுகிறது. இரத்தக் குழாயைக் கடுமையாகச் சுருக்கி உடலில் உப்பைத் தேக்குவது இரண்டாவதன் வேலை. பிரேசில் நாட்டு விரியன் வகைப் பாம்பொன்றின் நஞ்சை 1960களில் ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரேராவின் கண்டுபிடிப்பைப் பின்தொடர்ந்து, ஸ்குவிப் நிறுவனத்தின் டேவிட் குஷ்மனும் மிகெல் ஒண்டெட்டியும் 1970களில் ஏசிஇயைத் தடுக்கும் கேப்டோபிரில் மருந்தை உருவாக்கினர். எனலாபிரில், ராமிபிரில், பெரிண்டோபிரில் ஆகியவை அதன் வழிவந்தவை. அதே நொதியம் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் உண்டாதலால், அது தடுக்கப்படும்போது பிராடிகைனின் மிகுந்து சிலருக்கு வறட்டு இருமலைத் தோற்றுவிக்கிறது. ஆஞ்சியோடென்சின்-2 அமரும் ஏற்பியையே அடைக்கும் லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற நான்காம் வகை மருந்துகள் 1990களில் வந்தபோது இருமல் குறை பெரிதும் நீங்கியது. சிறுநீரில் புரதம் வெளியேறும் சர்க்கரை நோயாளிகளுக்கு இவ்விரு வகைகளும் சிறுநீரகக் காப்பாக அமைகின்றன. எனினும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை, கருவுற்ற பெண்களுக்கு அறவே தரத்தகாதவை, ஒன்றோடொன்று சேர்க்கத்தகாதவை. கருவுற்றோருக்கு மெத்தில்டோபா, லேபடலால், நீண்டநேரம் செயல்படும் நிஃபெடிபின் ஆகியன பயன்படுகின்றன.

ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய ப்ரோபிரனலாலில் தொடங்கிய பீட்டா தடுப்பான்கள் முன்பு முதல்வரிசையில் இருந்தவை. இதயத் துடிப்பைக் குறைக்கும் இவற்றுள் அடினலால் இந்தியாவில் மிகப் பரவலாக வழங்கியது. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லைஃப்’ ஆய்வில், பக்கவாதத்தைத் தடுப்பதில் லோசார்டனைவிட அடினலால் பின்தங்கியிருந்ததைத் தொடர்ந்து, மாரடைப்புக்குப் பின்னும் இதயச் செயலிழப்பிலும் துடிப்புச் சீர்கேட்டிலுமே இவ்வகை முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதைத் திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எழும்பி நெஞ்சுவலி வரக்கூடும் என்பதால், தொடர்ச்சியின் தேவை இங்கு இரட்டிப்பாகிறது. மூன்று மருந்துகள் தந்தும் அடங்காத அழுத்தத்துக்கு ஸ்பைரனோலாக்டோன் சிறந்தது என 2015ஆம் ஆண்டின் ‘பாத்வே-2’ ஆய்வு காட்டியது.

எதை முதலில் தருவது, எத்தனை சேர்ப்பது

வகைகளுக்கிடையே எது மேலானது என்ற வழக்கு, 2002ஆம் ஆண்டில் வெளியான ‘ஆல்ஹாட்’ ஆய்வில் பெரிதும் தீர்ந்தது. 33,357 பேரிடம் குளோர்தாலிடோன், ஆம்லோடிபின், லிசினோபிரில் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டபோது, உயிர்க்கொல்லி இதயநோயையும் மாரடைப்பையும் தடுப்பதில் அவை சமமாகவே விளங்கின. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில், மூன்றினுள் பழையதும் மலிவானதுமான குளோர்தாலிடோன் முந்தியது. பயனின் பெரும்பகுதி எந்த மருந்து என்பதைவிட அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்பதையே பொறுத்துள்ளது என்பதைப் பின்வந்த தொகுப்பாய்வுகளும் உறுதிசெய்தன. சுருக்க அழுத்தம் 10 மில்லிமீட்டர் குறையுந்தோறும் பக்கவாதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும், மொத்த இறப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கும் குறைவதாக 2016ஆம் ஆண்டின் பெருந்தொகுப்பு ஒன்று கணித்தது.

அளவைக் கூட்டுவதா, வேறு வகையைச் சேர்ப்பதா என்ற வினாவுக்கும் தெளிவான விடையுண்டு. ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட, மற்றொரு வகையைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கிறது என 42 ஆய்வுகளின் தொகுப்பு 2009ஆம் ஆண்டில் காட்டியது. பக்கவிளைவுகளோ அளவு ஏற ஏற மிகுவன. ஆதலால் சிற்றளவில் இரு மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கும் கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எந்தக் கூட்டு இந்தியருக்கு ஏற்றது என்பதை ஆராய, ஆம்லோடிபின், பெரிண்டோபிரில், இண்டபமைடு ஆகியவற்றை இரண்டிரண்டாக இணைத்து 1,981 பேரிடம் இந்தியாவின் பல மையங்களில் நடத்தப்பட்ட ‘டாப்ஸ்பின்’ ஆய்வு, மூன்று இணைகளும் சம அளவில் பயன்தந்ததையும், ஆறு மாதங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் அழுத்தம் 140/90க்குக் கீழ் வந்ததையும் 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. முறையாகப் பின்தொடரப்பட்ட இந்திய நோயாளிகளுக்கு எட்டக்கூடிய அளவு எது என்பதை இவ்வெண் காட்டுவதால், 7.3 என்ற பழைய எண்ணோடு அதை அருகருகே வைத்துப் பார்ப்பது தகும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எஞ்சியுள்ளது. சர்க்கரை நோயற்ற, இடர் மிகுந்த 9,361 பேரிடம் நடந்த ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வு, சுருக்க அழுத்தத்தை 120க்குக் கீழ் இறக்குவதால் இதயநோய் நிகழ்வுகள் நான்கில் ஒரு பங்கு குறைவதை 2015ஆம் ஆண்டில் காட்டியது. மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் அதே குழுவில் மிகுந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி, பொதுவாக 140/90க்குக் கீழும், இதயநோய் உள்ளோருக்குச் சுருக்க அழுத்தம் 130க்குக் கீழும் என்ற நடுவழியைக் கொண்டது. நோயுற்றோரில் பெரும்பான்மையோர் 140க்குக் கீழ் என்ற இலக்கையே எட்டாதிருக்கும் ஒரு சமூகத்தில், முதல் இலக்கை அனைவருக்கும் உறுதிசெய்வதே அதிக உயிர்களைக் காக்கும் வழி.

சென்னைப் புறநகரின் பட்டறிவு

தொடர்ச்சியை எவ்வாறு அமைப்பது என்பதற்குச் சென்னையே ஒரு முன்மாதிரியைத் தந்துள்ளது. சிறுநீரகம் செயலிழந்தபின் டயாலிசிஸும் மாற்று அறுவையும் செய்ய வசதியற்றோரே நாட்டில் பெரும்பான்மையர் என்பதை உணர்ந்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வாயிலாக, 1990களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த கிராமங்களில் ஏறத்தாழ 25,000 பேரை உள்ளடக்கிய தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்று, சிறுநீரில் புரதத்தையும் சர்க்கரையையும் சோதித்து, இரத்த அழுத்தத்தை அளந்தனர். நோயுற்றோருக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ராலசின் ஆகிய மிக மலிவான மருந்துகள் வழங்கப்பட்டன. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் உயிர்களைக் காத்த அதே மூன்று மருந்துகள், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், அவற்றுள் ரெசர்பினையும் ஹைட்ராலசினையும் மேல்நாட்டு மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டிருந்த நிலையில், தலைக்கு ஆண்டொன்றுக்கு அரை டாலருக்கும் குறைவான செலவில் இங்குப் பெரும்பாலான நோயாளிகளின் அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. மருந்தின் புதுமையைவிட, அதைக் கதவருகே கொண்டுசெல்லும் ஆளின் இருப்பே முடிவைத் தீர்மானித்தது என்பது இத்திட்டத்தின் உறுதியான பாடம்.

அரசு அளவில், 1994ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதலாலும் மாவட்டக் கிடங்குகளாலும் தரப் பரிசோதனையாலும் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை இலவசமாகக் கிடைக்கச் செய்தது. எஞ்சிய கடைசித் தொலைவைக் கடக்கவே 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று அழுத்தத்தை அளந்து மாத்திரைகளை வழங்கும் இத்திட்டம், ஐக்கிய நாடுகள் அவையின் 2024ஆம் ஆண்டு விருதொன்றைப் பெற்றது. அடுத்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வில் கட்டுக்குள் உள்ளோரின் விழுக்காடு 7.3லிருந்து 17 ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சி மெய்யானது, ஆயினும் நோயுற்ற ஆறு பேரில் ஐவர் இன்னும் வெளியே நிற்கின்றனர்.

அந்த ஐவர் யாவர் என்பதைப் பூந்தமல்லி-ஆவடி சாலை நெடுகிலுள்ள பாரிவாக்கம் போன்ற ஊர்களின் அமைப்பு ஓரளவு விளக்குகிறது. பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த இத்தகைய ஊராட்சிகளில் பழைய குடிகளோடு, மனைப்பிரிவுகளில் புதிதாகக் குடியேறியோரும் வாடகைக்கு இருப்போரும் கலந்து வாழ்கின்றனர். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத்திலும் முறைப்பணி செய்வோர், தன்னார்வலர் வரும் பகல் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை நேரப் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்ல அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வீடு மாறும் குடும்பத்தின் பதிவு பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. எனவே வீடு தேடிச் செல்லும் முறை முதியோருக்கும் நடமாட இயலாதோருக்கும் மிகப் பொருந்த, உழைக்கும் வயதினருக்குத் தொழிற்கூட வாயிலே மருந்து வழங்கும் இடமாக வேண்டியுள்ளது. 2024ஆம் ஆண்டில் இத்திட்டம் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டதும், 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் குறைந்த விலையில் மருந்து விற்கத் திறக்கப்பட்டதும் இத்திசையிலான நடவடிக்கைகள்.

மருந்து நின்றுபோகும் காரணங்கள்

கிடைக்கும் மருந்தையும் பலர் நிறுத்துவதற்கான காரணங்களுள் முதன்மையானது, அளவீடு 130க்கு வந்தவுடன் நோய் குணமாகிவிட்டது என்ற எண்ணம். மாத்திரையின் பணியாலேயே அவ்வெண் நிற்கிறது என்பதையும், நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ அது பழைய உயரத்துக்குத் திரும்பும் என்பதையும் மருந்து தருபவர் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியுள்ளது. நீண்டகாலம் உட்கொண்டால் சிறுநீரகம் கெடும் என்ற அச்சம் இரண்டாவது. கட்டுக்கடங்காத அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பதால், இவ்வச்சம் மக்களை அவர்கள் அஞ்சும் கேட்டை நோக்கியே செலுத்துகிறது. சிறுநீரகத்துக்கு மெய்யான ஆபத்து, மருந்துச் சீட்டின்றி வாங்கப்படும் டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகளை, சிறுநீர்ப்பெருக்கியோடும் ஏசிஇ தடுப்பானோடும் நாள்கணக்கில் சேர்த்து உட்கொள்வதால் வருகிறது. அவை இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவன. மூட்டுவலியும் இரத்த அழுத்தமும் ஒரே வயதில் சேர்ந்து வருவதால் இவ்வெச்சரிக்கை மிக இன்றியமையாதது.

வேளை பற்றிய ஐயமும் எளிதில் தீரக்கூடியதே. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ‘டைம்’ ஆய்வு, காலையில் உட்கொள்வதற்கும் இரவில் உட்கொள்வதற்கும் பயனில் வேறுபாடில்லை எனக் காட்டியதால், முறைப்பணியாளர் தமக்கு மறவாத வேளையைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பைக் குறைப்பது மருந்தின் வேலையை எளிதாக்கும். ஆனால் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகளும் ஏசிஇ தடுப்பான் அல்லது லோசார்டன் போன்ற சார்டன் வகை மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாது பயன்படுத்தலாகாது.

முடிவுரை

நரம்புகளை அறுத்த காலத்திலிருந்து நாளுக்கொரு மாத்திரை என்ற நிலைக்கு வந்த இவ்வரலாற்றில், ஒவ்வொரு முன்னேற்றமும் நோயாளியின் சுமையைக் குறைத்ததாலேயே நிலைத்தது. மருந்தியல் தன் பங்கை ஏறத்தாழ நிறைவேற்றிவிட்டது. நான்கு வகைகளும் காப்புரிமை கடந்து மலிந்துள்ளன, அவற்றின் பயனும் குறையும் அறியப்பட்டுள்ளன. இனி எஞ்சியிருப்பவை நிர்வாகப் பணிகள்: கூட்டு மாத்திரைகளை அரசு மருந்தகங்களில் இயல்பாகக் கிடைக்கச் செய்தல், ஒரே முறை இரண்டு மூன்று மாதங்களுக்கான மாத்திரைகளை வழங்குதல், மாலையிலும் ஞாயிறன்றும் மருந்து பெறும் வசதி, ஊர் மாறினாலும் உடன்வரும் பதிவேடு, தன்னார்வலர்களுக்கு அவர்களது உழைப்புக்கேற்ற ஊதியம். புறநகரின் வளர்ச்சிக்கேற்ப இவற்றைச் செய்யும் மாநிலத்தில் 17 என்ற எண் 70ஐ நோக்கி நகர்வது இயலக்கூடியதே. அதற்குத் தேவையான மருந்து ஏற்கெனவே மாநிலத்தின் கிடங்குகளில் இருக்கும்போது, ஒருவர் அது கிட்டாமையால் பக்கவாதத்துக்கு ஆளாவதைத் தவிர்க்க முடியாத விதியாக ஏற்றுக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.